தொட்டில் பழக்கம் மாறுமா?

2010ஆம் ஆண்டு மாரி காலம். வவுனியாப் பகுதியில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த ஒரு முகாமில் வயிற்றோட்டம் பரவிக்கொண்டிருந்தது. தாய்மாரைக் கூட்டி, கொதித்தாறிய நீரைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். படங்களை எடுத்துக்கொண்டு போய் ஒரு மணித்தியாலம் பேசினேன். கிருமி என்றால் என்ன, அது எப்படித் தண்ணீரில் சேர்கிறது, தண்ணீரை ஏன் கொதிக்க வைக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். முடிவில் கேள்விகள் கேட்டேன். எல்லோரும் சரியாகவே பதில் சொன்னார்கள். மனநிறைவோடு எழுந்தேன்.

திரும்பி வரும் வழியில், முன்வரிசையில் இருந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்ன தாய் ஒருவரைக் கண்டேன். கொட்டில் வாசலில் நின்று, பவுசரில் பிடித்த தண்ணீரை அப்படியே பிள்ளைக்குப் பருக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பிறகு மெல்லச் சொன்னார்:

"உதெல்லாம் எங்களுக்கு முந்தியே தெரியும் பாதர். ஊரில எண்டால் வேலியடியில கிடக்கிற பனை மட்டையை இழுத்து வைச்சால் தண்ணி கொதிச்சிடும். இஞ்ச ஒரு நேரச் சோறு காய்ச்சவே விறகு காணாது. கிடைக்கிறதும் ஈரம். என்னத்தைக் கொதிக்க வைக்கிறது?"

நான் அன்று பேசிய பேச்சில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அது எவருக்கும் பயன்படவில்லை. அந்தத் தாய்க்கு அறிவு குறைவு என்று நினைத்துக்கொண்டு போனேன். அவருக்குக் குறைவாக இருந்தது விறகு.

பழக்கம் எங்கே இருக்கிறது?

'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்கிறோம். பழக்கம் ஒருவரின் உடம்போடு பிறந்து உடம்போடு போவது என்ற எண்ணம் இந்தப் பழமொழியில் இருக்கிறது. இதில் பாதி உண்மையே உண்டு. பழக்கம் ஆளோடு மட்டும் ஒட்டியிருப்பதில்லை. அது வீட்டோடும், கிணற்றடியோடும், வேலியோடும், அயலவரின் பேச்சோடும் சேர்ந்தே வாழ்கிறது.

ஊரில் காலையில் கிணற்றடிக்குப் போய்ப் பல் துலக்கி, முகம் கழுவி, குளித்து வந்த ஒருவர் முகாமில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை குளிக்கிறார். அவர் சோம்பேறியாகிவிட்டாரா? இல்லை. கிணறு அங்கே நின்றுவிட்டது. அவர் இங்கே வந்துவிட்டார். ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நிற்பவருக்குக் குளிப்பு ஆடம்பரமாகிவிடுகிறது.

விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நல்ல விதைநெல்லை உவர் நிலத்தில் விதைத்து அது முளைக்காவிட்டால் நாம் விதையை ஏசுவதில்லை. மண்ணைப் பார்க்கிறோம், நீரைப் பார்க்கிறோம், வரம்பைப் பார்க்கிறோம். ஆனால் நல்ல சுகாதார அறிவுரை பலன் தராதபோது மட்டும் உடனே ஆளை ஏசுகிறோம். "இந்தச் சனத்துக்கு எத்தனை தரம் சொன்னாலும் விளங்காது" என்கிறோம். வயலுக்குக் காட்டும் நீதியை மனிதருக்கும் காட்டினால் என்ன?

இரண்டு ஆண்டுகளில் பதினொரு வீடுகள்

இப்படித் தோல்வி கண்டவன் நான் மட்டுமல்ல என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலே லொஸ் மொலினோஸ் என்று ஒரு விவசாயக் கிராமம். அங்கு நடந்ததைப் பற்றிய ஆய்வு 1955ஆம் ஆண்டு வெளிவந்தது. சுமார் 200 குடும்பங்கள் வாழ்ந்த அந்த ஊரில், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் பழக்கத்தை ஏற்படுத்தச் சுகாதாரப் பெண் ஊழியர் ஒருவர் அனுப்பப்பட்டார். அவர் வீடு வீடாகத் திரும்பத் திரும்பச் சென்றார். இரண்டு ஆண்டுகள் உழைத்தார். அவர் புதிதாக மனம் மாற்றிய வீடுகள் பதினொன்று மட்டுமே.

காரணம் என்ன? அந்த ஊரவர் ஒவ்வோர் உணவையும் சூடு என்றும் குளிர் என்றும் பிரித்து வைத்திருந்தனர். பச்சைத் தண்ணீர் குளிர், நோயாளிக்கு ஆகாது. அதைக் கொதிக்க வைத்தால் அந்தக் குளிர் எடுபட்டுவிடும். எனவே கொதித்த நீர் நோயாளிக்கு உரியது. சுகமாக இருப்பவன் ஏன் வருத்தக்காரரின் தண்ணீரைக் குடிக்க வேண்டும்? சிறுவயதிலிருந்தே அதன் சுவையை வெறுக்கப் பழகியிருந்தனர். ஊழியரோ கிருமியைப் பற்றிப் பேசினார். கண்ணுக்குத் தெரியாத அவ்வளவு சிறிய ஒன்று ஒரு வளர்ந்த மனிதனை எப்படி வீழ்த்தும் என்று பெண்கள் கேட்டனர்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஊழியரின் சொல்லை ஏற்றவர்களுள் ஒருவர் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய பெண். ஊரார் அவரைத் தம்மவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகையால் அயலவர் என்ன சொல்வார்களோ என்ற கவலை அவருக்கு இருக்கவில்லை. அவர் துணிந்து மாறினார். ஆனால் அவரைப் பார்த்து வேறெவரும் மாறவில்லை. ஊர் மதிக்கும் பெண்களிடம் அந்தப் பழக்கம் போய்ச் சேரவே இல்லை.

மாமியின் சொல்

இதை வாசித்தபோது எமது வீடுகளே என் கண்முன் வந்தன. எங்களிடமும் சூடு, குளிர், வாய்வு, கிரந்தி என்ற கணக்கு உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் உண்டு. இவற்றில் பல, மூதாதையர் அனுபவத்தால் அறிந்த நல்லவை. கொத்தமல்லி அவித்த தண்ணீரையும் கஞ்சியையும் யார் குறை சொல்வார்? ஆனால் ஒன்றிரண்டு உயிருக்கே ஆபத்தானவை. 'வயிற்றால் போகும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் கூடப் போகும்' என்பது அவற்றுள் ஒன்று.

அதே முகாமில், என் கூட்டத்துக்குப் பின் சில நாட்களில், இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைக் கண் குழிவிழுந்து, துவண்டுபோன நிலையில் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சேலைன் ஏற்றி அந்தப் பிள்ளை பிழைத்தது. தாயிடம் ஜீவனிப் பைக்கற்று இருந்தது. அதைக் கரைக்கவும் தெரியும். "மாமி வேண்டாம் எண்டு சொல்லேக்க நான் எப்பிடி மீறிக் குடுக்கிறது?" என்று அழுதார். மாமியாரும் பேரப்பிள்ளை மீது பாசம் இல்லாதவர் அல்லர். தான் வளர்த்த பிள்ளைகளுக்குத் தன் தாய் சொல்லித்தந்ததையே அவர் செய்தார்.

பிழை எங்கே? நான் தாய்மாரை மட்டுமே கூட்டத்துக்கு அழைத்திருந்தேன். பாட்டிமார் வெளியே இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தந்தைமார் எங்கே என்று நான் கேட்கவேயில்லை. ஒரு வீட்டில் பிள்ளையின் வாயில் என்ன போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார் என்பதை அறியாமலே நான் பேசப் போயிருந்தேன்.

அகதிகளின் கைகள்

1971ஆம் ஆண்டு, பங்களாதேசம் பிறந்த போரின்போது, ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்திலுள்ள பொங்கான் என்ற எல்லை நகரின் முகாம்களில் வாந்திபேதி பரவியது. அங்கு பணியாற்றிய வைத்தியர் திலீப் மகலனபிஸிடம் நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அதை ஏற்றத் தெரிந்த ஊழியரும் போதாது. எனவே குளுக்கோஸ், உப்பு, அப்பச்சோடா மூன்றையும் அளவாகச் சேர்த்துத் தண்ணீரில் கரைத்து, வாயால் பருகக் கொடுக்கத் துணிந்தார். அதைப் பருக்கியவர்கள் யார்? நோயாளிகளின் தாய், தந்தை, சகோதரர்கள். நூற்றுக்கு 30 பேர் அளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில், இந்த முறையால் இறப்பு நூற்றுக்கு 4 பேரிலும் குறைந்தது.

எல்லாவற்றையும் இழந்து வந்த மக்கள் வெறும் நோயாளிகளாகக் கிடக்கவில்லை. தங்கள் உறவினரைத் தாங்களே காப்பாற்றினார்கள். மருந்து எளியதாக இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கொடுக்கும் பொறுப்பு குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இந்த மூன்றும் சேர்ந்தபோது புதிய பழக்கம் ஒரு வாரத்தில்கூட வேர்விடும்.

அதன் பின்னர் 1980 முதல் 1990 வரை, பங்களாதேசத்தில் 'பிராக்' என்ற நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குச் சென்று, உப்பும் வெல்லமும் கரைக்கும் முறையைத் தாய்மாருக்குக் கற்பித்தார்கள். தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது. தாய்மார் நன்றாகவே கற்றார்கள். ஆயினும் தொடக்கத்தில் வீட்டில் அதைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு.

ஏன் என்று தேடியபோது இரண்டு உண்மைகள் வெளிவந்தன. ஒன்று, கற்பித்த ஊழியரில் பலருக்கே அதில் நம்பிக்கை இருக்கவில்லை. தமக்கு வயிற்றோட்டம் வந்தால் வேறு மருந்தையே நாடினார்கள். மற்றது, ஆண்களிடம் எவரும் பேசியிருக்கவில்லை. பிறகு ஊழியருக்கு முதலில் நம்பிக்கை ஊட்டப்பட்டது. சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் ஆண்களுடன் பேசினார்கள். பயன்பாடும் கூடியது. தானே செய்யாததைப் பிறருக்குப் போதிக்கும் எங்கள் எல்லோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

கேட்பதும் தீர்மானிப்பதும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் இறைச்சி தட்டுப்பாடானது. ஈரல், இருதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்க மக்களைத் தூண்ட வேண்டியிருந்தது. அவற்றை வீட்டில் சமைப்பதை மதிப்புக் குறைவாகவே பெரும்பாலோர் எண்ணினார்கள். கேர்ட் லூவின் என்ற உளவியலாளர் இல்லத்தரசிகளிடையே ஒரு பரிசோதனை செய்தார். சில குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு வழங்கப்பட்டது. வேறு குழுக்களில் பெண்கள் தாங்களே கலந்துபேசி, தடைகளை எடுத்துச் சொல்லி, முடிவில் "செய்து பார்ப்போம்" என்று கையுயர்த்தினார்கள். பின்னர் விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் நூற்றுக்கு 3 பேரே அவற்றைச் சமைத்திருந்தனர். கலந்துபேசித் தீர்மானித்தவர்களில் நூற்றுக்கு 32 பேர் சமைத்திருந்தனர்.

தனியே ஒருவர் மாறுவது கடினம். அயலவர் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற கூச்சம் அவரைத் தடுக்கும். பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் மாறினால் சிரிப்பதற்கு எவரும் இருக்க மாட்டார்கள். 'ஊர் ஓடினால் ஒத்து ஓடு' என்ற பழமொழி இங்கே எமக்கு உதவிக்கு வருகிறது. ஊரை ஓட வைப்பதுதான் வேலை.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை

இடம்பெயர்ந்த இடங்களில் தாய்மார் என்னிடம் தனியே வந்து சொல்லும் முதல் துயரம் கணவனின் குடிதான். "ஊரில இவர் இப்பிடி இல்லை" என்பார்கள். அது பெரும்பாலும் உண்மை. விடியற்காலை எழுந்து வயலுக்குத் தண்ணீர் கட்டியவருக்கு இப்போது வயலும் இல்லை, மாடும் இல்லை, விடியலில் எழுவதற்குக் காரணமும் இல்லை. பொழுதைப் போக்கக் கூடும் இடத்தில் கசிப்பு இருக்கிறது.

வியட்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்கப் படையினருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தனர். இவர்கள் நாடு திரும்பினால் என்ன ஆகுமோ என்று அரசு அஞ்சியது. 1971இல் திரும்பியவர்களை லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து விசாரித்தார். அடிமையாகியிருந்தவர்களில் நூற்றுக்கு 5 பேரளவிலேயே முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானார்கள். போர்க்களமும், அங்கே மலிவாகக் கிடைத்த போதையும், கூட இருந்த கூட்டமும் மாறியதும் பலரின் பழக்கமும் மாறியது.

இதனால் குடிப்பவருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. மனைவியை அடிக்கும் கைக்குச் சூழலைச் சாட்டாக்க முடியாது. ஆனால் வேலையும் மரியாதையும் கூட்டாளிகளும் மாறாமல், "குடிக்காதே" என்ற சொல் மட்டும் போய் எதையும் சாதிக்காது. நூறு சதுர அடி மரக்கறித் தோட்டம், பொதுக் கிணற்றைத் திருத்தும் வேலை, மாலையில் பிள்ளைகளுக்குப் பந்தடி பழக்கும் பொறுப்பு என்று ஏதோ ஒன்று அந்த மாலை நேரத்தை நிரப்ப வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது நடுக்கமோ வலிப்போ வரலாம். அப்படியானவரை வீட்டில் வைத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எங்கள் கையில் உள்ளவை

பழைய சூழல் குலைந்துபோவது துன்பம்தான். ஆனால் புதிய இடத்தில் முதல் சில வாரங்களில் எந்தப் பழக்கம் ஊன்றுகிறதோ அதுவே நிலைத்துவிடக் கூடும். எனவே சிறியவற்றிலிருந்து தொடங்குவோம்.

சவர்க்காரத்தைப் பெட்டிக்குள் வைத்தால் எவரும் கை கழுவார். மலசலகூடத்துக்கு அருகே ஒரு துண்டுச் சவர்க்காரத்தையும் ஒரு போத்தல் தண்ணீரையும் கட்டித் தொங்கவிட்டால் பிள்ளைகள் தாமாகவே கழுவப் பழகுவார்கள்.

குடிநீர்க் குடத்தை மூடி வையுங்கள். கையை உள்ளே விடாமல் அள்ளுவதற்கு நீண்ட பிடியுள்ள அகப்பை ஒன்று போதும்.

விறகு இல்லாத இடத்தில், நல்ல வெயில் காலமென்றால், தெளிந்த நீரைச் சாயமில்லாத பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி 6 மணித்தியாலம் நேர் வெயிலில் படுக்க வைக்கலாம். முகில் மூடிய நாட்களில் 2 நாள் வைக்க வேண்டும். கலங்கல் நீருக்கு இது உதவாது; முதலில் தெளியவிட்டு வடிக்க வேண்டும். மாரியில் குளோரின் குளிசையே நம்பத்தக்கது. அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வாங்குங்கள்.

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஜீவனிப் பைக்கற்று ஒன்றை 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். பைக்கற்று இல்லையென்றால் 1 லீற்றர் நீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்க்கலாம். உப்பு அளவை மிஞ்சக் கூடாது. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை துவண்டால், கண் குழிவிழுந்தால், குடிக்க மறுத்தால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கேட்டுப் பெற வேண்டியவை

எல்லாவற்றையும் மக்கள் தலையில் சுமத்துவது நீதியாகாது. இலங்கையில் மலேரியா ஒழிந்தது எப்படி? உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மக்கள் நுளம்பு வலைக்குள் படுத்ததும் உண்மை. ஊர் ஊராக இரத்தம் சோதித்து, மருந்தடித்து, வலை கொடுத்த சேவை இருந்ததும் உண்மை. இரண்டும் சேராமல் அது நடந்திருக்காது.

கதவில்லாத, வெளிச்சமில்லாத மலசலகூடத்துக்கு இரவில் ஒரு குமர்ப்பிள்ளை போகப் பயப்படுகிறாள் என்றால், அவளுக்குச் சுகாதாரக் கல்வி தேவையில்லை. கதவும் விளக்குமே தேவை. இத்தகைய குறைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் எழுதித் தீர்மானமாக்கி, கிராம அலுவலரிடமும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் கொடுங்கள். நால்வராகப் போங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வீட்டுக்கு ஓர் அடுப்பு

அந்தத் தாயின் விறகுக் கதை எப்படி முடிந்தது? அடுத்த முறை நான் படங்களைக் கொண்டு போகவில்லை. பாட்டிமாரையும் ஆண்களையும் சேர்த்து இருத்தி, "என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டேன். நீண்ட நேரம் வாக்குவாதம் நடந்தது. முடிவில் வயதான அம்மா ஒருவர்தான் வழி சொன்னார்: ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரே அடுப்பில், முறை வைத்து, ஒரு பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைப்பது, விறகைப் பிரித்துக் கொடுப்பது, ஆண்கள் விறகைத் தரப்பாளால் மூடி ஈரம் படாமல் காப்பது.

எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. இரண்டு அடுப்புகள் விறகுச் சண்டையில் ஒரு கிழமைக்குள் அணைந்தன. ஆனால் மற்றவை மாரி முடியும்வரை எரிந்தன. முன்பு தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று தடுத்த அந்த மாமியாரே ஓர் அடுப்புக்குப் பொறுப்பாக இருந்து, பானையைத் திறந்து வைத்த பிள்ளைகளை ஏசிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். தொட்டில் பழக்கம்தான். ஆனாலும் மாறியது.

கூட்டங்களில் கலந்துபேச:

1. ஊரில் இருந்தபோது எங்களிடம் இருந்த நல்ல சுகாதாரப் பழக்கங்கள் எவை? அவற்றில் எவை இங்கே விடுபட்டன? எது இல்லாததால் விடுபட்டன?

2. எங்கள் வீட்டில் பிள்ளைக்கு வருத்தம் வந்தால் முடிவெடுப்பவர் யார்? அவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா?

3. பணம் செலவழிக்காமல், அயலவர் சேர்ந்து, இந்தக் கிழமையே மாற்றக்கூடிய ஒரு காரியம் என்ன? அதற்கு யார் யார் கையுயர்த்துகிறீர்கள்?